மலைக்கு வந்தும் ஏசியா? அந்த ஜெனரேட்டரை நிறுத்துங்க சாமி!

கொஞ்ச நாளா நம்ம பயணப் பதிவர்கள் மத்தியில ஒரு புது வியாதி பரவிட்டு இருக்கு. படுக்கை வெச்ச வேனை வாடகைக்கு எடுக்கறது. இல்லைன்னா சொந்த வண்டிக்குப் பின்னாடி ஒரு டிரெய்லரைக் கட்டி இழுத்துக்கிட்டு வர்றது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையில ஒரு போட்டோ, மாவடிப்பட்டு ஏத்தத்துல ஒரு போட்டோ, மேலே கரியாலூர் பக்கம் ஒரு மரத்தடியில வண்டியை ஓரங்கட்டி, ராத்திரி முழுக்க ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏசியில தூங்கறது. மறுநாள் "இயற்கையின் மடியில் ஓர் இரவு"ன்னு பதிவு போடறது.

இயற்கையின் மடியாம்! அந்த மடி மேல உட்கார்ந்து டீசல் புகை விட்டதை மட்டும் யாரும் எழுத மாட்டாங்க.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். கல்வராயன் மலை எங்க ஊர்க்காரங்களுக்கு சுற்றுலாத் தலம் ஆகறதுக்கு முன்னாடியே சந்தைக்கும் சொந்தத்துக்கும் போற இடம். அதனால கொஞ்சம் காரம் தூக்கலாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். இந்த மலையில வண்டிக்குள்ள தூங்கறவனுக்கு ஜெனரேட்டரும் வேணாம், ஓடற எஞ்சினும் வேணாம். ரெண்டு பேட்டரி, ரெண்டு சோலார் தகடு, ஒரு நல்ல மின்விசிறி போதும். "ஏசி இல்லாம முடியாது"ன்னு சொல்றவங்க மலைக்கு வராம வீட்டுலயே படுத்துக்கலாம். இதுதான் கட்சி. இனி கணக்கு.

முதல்ல வடகரா

செலவு, சத்தம், சுற்றுச்சூழல் எல்லாம் அப்புறம். முதல்ல உயிர்.

2024 டிசம்பர். கேரளாவுல கோழிக்கோடு மாவட்டம், வடகரா பக்கத்துல கரிம்பனப்பாலம். நெடுஞ்சாலை ஓரமா ஒரு கேரவன் நிக்குது. ரொம்ப நேரமா அசையாம நிக்குதேன்னு பார்த்தா உள்ளே ரெண்டு பேர் செத்துக் கிடக்கறாங்க. வண்டி ஓட்டினவர் ஒருத்தர், கூட வேலை பார்த்தவர் ஒருத்தர். அடிதடி இல்ல, திருட்டு இல்ல. ஏசி போட்டுத் தூங்கினாங்க, எழுந்திருக்கவே இல்ல.

கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியிலேயே ஜெனரேட்டரை ஓடவிட்டு சோதனை பண்ணாங்க. தரையில இருந்த துவாரம் வழியா ஜெனரேட்டர் புகை உள்ளே வந்திருக்கு. ரெண்டே மணி நேரத்துல கார்பன் மோனாக்சைடு அளவு 950 பிபிஎம் தாண்டிடுச்சு.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு நிறுவனம் எட்டு மணி நேர வேலைக்கு சிபாரிசு பண்ற உச்ச அளவு 35 பிபிஎம். 800 பிபிஎம் இருக்கற அறையில முக்கால் மணி நேரத்துல தலைசுத்தல், குமட்டல். ரெண்டு மணி நேரத்துக்குள்ள மயக்கம். அதுக்கப்புறம் சாவு. முழிச்சிருக்கறவனாச்சும் "தலை வலிக்குதே"ன்னு கதவைத் திறப்பான். தூங்கறவன் என்ன பண்ணுவான்? அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். மூச்சு ஓடிக்கிட்டே இருக்கும், உடம்புக்கு ஆக்ஸிஜன் மட்டும் போகாது.

கண்ணுக்குத் தெரியாத விஷம்னா என்னன்னு கள்ளக்குறிச்சிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 2024 ஜூன்ல மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு எங்க ஊர்ல அறுபத்தஞ்சு பேருக்கு மேல செத்தாங்க. அப்பவும் இதே மாதிரிதான். பார்க்க சாராயம் மாதிரியே இருந்துச்சு. அந்த ஊர்ல இருந்து எழுதறவனுக்கு, காசு கொடுத்து வேனுக்குள்ள விஷப்புகையை வாங்கிக்கறவங்களைப் பார்த்தா கோபம் வராம என்ன வரும்?

"நாங்க ஜெனரேட்டரை வெளியதானே வைப்போம்?"

இதுதான் எல்லாரும் சொல்ற முதல் பதில். சரி, எங்க வைப்பீங்க? திருட்டு பயத்துல வண்டியை ஒட்டித்தான் வைப்பீங்க. மழை வந்தா வண்டிக்குக் கீழேயே தள்ளுவீங்க. மலையில ராத்திரி காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்குத் தெரியும்? பள்ளத்துல நிறுத்தியிருந்தா புகை அங்கேயே தங்கும். வேன் கதவு ரப்பர், தரையில வயர் போக விட்ட ஓட்டை, பின்கதவு இடுக்கு, எல்லாம் அதுக்கு வாசல்தான்.

இதுல இன்னொரு சங்கதியும் இருக்கு. கார்புரேட்டர் வெச்ச சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் சமவெளிக் காத்துக்கு ட்யூன் பண்ணினது. மேலே போகப் போக காத்து அடர்த்தி குறையும், ஆனா பெட்ரோல் அதே அளவுதான் போகும். காத்து பத்தாம அரைகுறையா எரியும். அரைகுறையா எரிஞ்சா என்ன வரும்? அதே கார்பன் மோனாக்சைடுதான். கூடவே சக்தியும் குறையும். ஆயிரம் அடிக்கு மூணு நாலு சதவீதம்னு வெச்சுக்கங்க. கல்வராயன் மலை ரெண்டாயிரம் அடியில இருந்து நாலாயிரம் அடி வரைக்கும் இருக்கு. கீழே ஏசியை இழுத்த ஜெனரேட்டர் மேலே வந்து திணறுதுன்னா இதுதான் காரணம். மெஷினைத் திட்டாதீங்க.

ஜெனரேட்டரே இல்லாம எஞ்சினை ஓடவிட்டு வண்டி ஏசியில தூங்கறவங்களும் இருக்காங்க. டெம்போ டிராவலர் டிரைவர்கள் பெரியார் அருவி பக்கம் இதைத்தான் பண்றாங்க. கூட்டம் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் வண்டி டுர்ர்ருன்னு ஓடிக்கிட்டே இருக்கும். மணிக்கு ஒண்ணு, ஒன்றரை லிட்டர் டீசல். எட்டு மணி நேரம் தூங்கினா எட்டுல இருந்து பன்னெண்டு லிட்டர். எழுநூறு ரூபாய்க்குக் குறையாது, ஆயிரத்தையும் தாண்டும். இந்தப் பணத்துக்கு மலையில ஒரு வீட்டுல சொல்லி வெச்சா நாலு பேருக்கு நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் கிடைக்கும்!

பிஎஸ் 6 டீசல் வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு போனஸ் சேதி. உங்க சைலன்சர் பாதையில கரித்துகளைப் பிடிக்கிற ஃபில்டர் ஒண்ணு இருக்கு. அது நல்ல வேகத்துல ஓடினாத்தான் சூடாகி, பிடிச்ச கரியை எரிச்சு சுத்தமாகும். நின்ன இடத்துலயே மணிக்கணக்கா ஓடவிட்டா அடைச்சுக்கும். அப்புறம் டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு எரியும். சர்வீஸ் சென்டர்ல பில்லைப் பார்த்தா உங்களுக்குக் கண்ணைக் கட்டும்.

ஏன்யா மலைக்கு ஏசி?

அடிப்படைக் கேள்விக்கு வருவோம். ஆயிரம் மீட்டர் மேலே போனா ஆறு, ஆறரை டிகிரி குறையும். இது பள்ளிக்கூடப் பாடம். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருக்கற உயரத்துக்குக் கீழே இருக்கற கள்ளக்குறிச்சியை விட நாலஞ்சு டிகிரி குறைவு. கோடையில மத்தியானம் வெயில் அடிக்கத்தான் செய்யும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி கனவு காணாதீங்க. ஆனா பொழுது சாய்ஞ்சா காத்து மாறிடும். மார்கழியில கம்பளி இல்லாம படுக்க முடியாது.

"வேனுக்குள்ள புழுங்குதே"ங்கறாங்க. புழுங்கத்தான் செய்யும். ஜன்னலைப் பூரா கண்ணாடி போட்டு அடைச்ச தகரப் பெட்டியை நாள் முழுக்க வெயில்ல நிறுத்தி வெச்சுட்டு, ராத்திரி அதைக் குளிர வைக்க ஏசி கேட்டா? இதுக்கு வைத்தியம் வேற. கூரைக்கு வெள்ளை பெயின்ட். சுவருக்கும் கூரைக்கும் வெப்பம் கடத்தாத பலகை. ஜன்னலுக்குக் கொசுவலை. கூரையில பன்னெண்டு வோல்ட் வெளியேத்து விசிறி ஒண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்கு அதைப் போட்டு ரெண்டு ஜன்னலைத் திறந்தா, உள்ளே இருக்கற சூட்டுக் காத்தை அரை மணி நேரத்துல உறிஞ்சி வெளியே தள்ளிடும். மூணு நாலு ஆம்பியர்தான் இழுக்கும். இதை வேன் கட்டறவங்க சொல்ல மாட்டாங்க. ஏன்னா விசிறி வித்தா என்ன லாபம்? கூரை ஏசியும் ஜெனரேட்டரும் சேர்த்து வித்தாத்தானே லாபம்.

சரி, கணக்கைப் போடுவோம்

கணக்குன்னதும் ஓடாதீங்க. மளிகைக் கடைக் கணக்குதான்.

ஏசி இல்லாத ஒரு வேனுக்கு ஒரு நாள் தேவை: 30 வாட் விசிறி ரெண்டு, பத்து மணி நேரத்துக்கு 0.6 யூனிட். எல்இடி விளக்கு நாலு, 0.1. பன்னெண்டு வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், சுமார் 0.5. போன், லேப்டாப், கேமரா எல்லாம் சேர்த்து 0.2. தண்ணி மோட்டார் 0.05. கூட்டினா ஏறக்குறைய ஒன்றரை யூனிட். அவ்வளவுதான்!

நூறு ஆம்பியர் அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒண்ணுல 1.28 யூனிட் இருக்கு. ரெண்டு வெச்சா 2.56. எடை ரெண்டும் சேர்த்து இருபத்தஞ்சு கிலோ, ஒரு அரிசி மூட்டை. கூரையில இருநூறு வாட் சோலார் தகடு ரெண்டு போட்டா நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல வரும். அன்னன்னைக்கு செலவு அன்னன்னைக்கே வரவு. மழை மூட்டமா இருந்து மூணுல ஒரு பங்குதான் வந்தாலும் ரெண்டு நாள் தாங்கும். அதுக்கு மேல மழை பெய்ஞ்சா மலையை விட்டு இறங்கறதுதான் புத்திசாலித்தனம், பேட்டரி இருந்தாலும் இல்லாட்டாலும்.

இப்ப ஏசிக் கணக்கு. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியா 700 வாட்னு தாராளமா வெச்சுக்குவோம். எட்டு மணி நேரத்துக்கு 5.6 யூனிட். மின்மாற்ற இழப்பு சேர்த்தா ஆறு யூனிட்டுக்கு மேல. அதுக்கு நான் மேலே சொன்ன பேட்டரி அஞ்சாறு வேணும். பழைய டியூபுலர் பேட்டரின்னா அதுல பாதி வரைக்கும்தான் இறக்கலாம், அதனால ஏழு எட்டு வேணும். எடை நானூறு கிலோவைத் தொடும். கூரை முழுக்க சோலார் தகடு அடிச்சாலும் ஏசி யூனிட்டுக்கும் விசிறிக்கும் விட்ட இடம் போக மிச்சத்துல அஞ்சு யூனிட் வந்தாலே பெருசு.

அதனால "சோலார்ல ஏசி ஓடாது"ன்னு சொல்றவங்க கிட்ட நான் சண்டைக்கே வரல. ஒரு சின்ன வேன்ல ராத்திரி முழுக்க சோலார் நம்பி ஏசி ஓட்டறது இழுபறிதான். ஆனா அதுல இருந்து "அதனால ஜெனரேட்டர் வேணும்"னு முடிவுக்கு வர்றது எப்படி? மலையில ஏசியே தேவையில்லைங்கறதுதானே நேரான முடிவு? செருப்பு கடிக்குதுன்னு காலை வெட்டிக்கற கதையால்ல இருக்கு!

இன்னொரு கணக்கு. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்ல ஒரு யூனிட் எடுக்க அரை லிட்டருக்கு மேல பெட்ரோல் வேணும். ஒரு யூனிட் அம்பது ரூபாய்க்கு மேல. வீட்டுல யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வந்தாலே மின்வாரியத்தைத் திட்டி நாலு பதிவு போடறவங்க, இங்க மட்டும் வாயைத் திறக்காம அம்பது ரூபாய் கொடுக்கறாங்க.

டிரெய்லர் கட்டி இழுக்கறவங்களுக்கு

நம்ம ஊர்ல டிரெய்லர்னா கரும்பு லோடு டிராக்டர்தான் ஞாபகம் வரும். காருக்குப் பின்னாடி சின்ன வீட்டைக் கட்டி இழுக்கறது இப்பதான் அங்கங்க தலை காட்டுது. அவங்க எல்லாரும் பண்ற ஒரு கூத்தை இங்க சொல்லியாகணும்.

"கார் ஆல்டர்னேட்டர்ல இருந்து ஒரு வயர் பின்னாடி இழுத்தா டிரெய்லர் பேட்டரி தானா சார்ஜ் ஆகிடும்"னு எலெக்ட்ரீஷியன் சொல்வார். ஆகாது. கார் முன்னாடி இருந்து டிரெய்லர் வரைக்கும் போக ஏழு மீட்டர், வர ஏழு மீட்டர். ரெண்டரை ஸ்கொயர் வயர்ல முப்பது ஆம்பியர் அனுப்பினா வழியிலேயே கிட்டத்தட்ட மூணு வோல்ட் காணாமப் போயிடும். பதினாலு வோல்ட் கிளம்பி பதினொண்ணு போய்ச் சேர்ந்தா பேட்டரி எப்படி நிறையும்? ஆறு ஸ்கொயர் வயர் போட்டாலும் ஒரு வோல்ட்டுக்கு மேல போயிடும். போதாததுக்கு, புது வண்டிகள்ல ஆல்டர்னேட்டரே எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்டேஜை ஏத்தி இறக்கி விளையாடும். வயரோ சூடாகி உருகும்.

வழி என்னன்னா, தடிமனான வயர், ரெண்டு முனையிலயும் ஃபியூஸ், டிரெய்லர் பக்கம் ஒரு டிசி டிசி சார்ஜர். வர்ற வோல்டேஜ் எப்படி ஆடினாலும் அது பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாத்திக் கொடுக்கும். முப்பது ஆம்பியர் சார்ஜர்னா நானூறு வாட். சென்னையில இருந்து மலைக்கு வர்ற ஆறு மணி நேரத்துல 2.4 யூனிட். நான் மேலே சொன்ன ரெண்டு பேட்டரியும் வந்து சேரும்போதே கிட்டத்தட்ட ஃபுல்! எப்படியும் ஓடப்போற எஞ்சின்ல இருந்து எடுத்தது. நின்ன இடத்துல புகை விட்டு எடுத்தது இல்ல. இதை விட்டுட்டு டிரெய்லர் மூக்குல ஜெனரேட்டரைக் கட்டித் தூக்கிட்டு வர்றவங்களை என்னன்னு சொல்ல?

"பேட்டரி தீப்பிடிக்காதா?"

2022ல மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையா எரிஞ்சதைப் பார்த்த பயம். பயம் நியாயம்தான். ஆனா லித்தியம்னா எல்லாம் ஒண்ணு இல்ல. நிக்கல் சேர்ந்த வகை கொஞ்சம் முன்கோபி. இரும்பு பாஸ்பேட் வகை அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. ரெண்டாயிரம் தடவைக்கு மேல ஏத்தி இறக்கலாம். காவல் சர்க்யூட் ஒழுங்கா இருக்கணும், வயர் இணைப்பு இறுக்கமா இருக்கணும், ஃபியூஸ் இருக்கணும். பேர் இல்லாத மலிவுப் பெட்டியை வாங்கிட்டு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. அது சரி, பேட்டரிக்குப் பயப்படற அதே ஆள் படுக்கைக்குக் கீழே பத்து லிட்டர் பெட்ரோல் கேனை வெச்சுக்கிட்டுத் தூங்கறாரே, அந்த தைரியம் எங்கிருந்து வருது?

குளிருக்கு என்ன பண்றது?

இது முக்கியம். ஏசி விஷயத்துல பணம்தான் போகும்னு நினைக்கறவங்க குளிர் விஷயத்துல உயிரையே விடறாங்க. 2024 ஆகஸ்ட்ல கொடைக்கானல்ல ரெண்டு பேர், பார்பிக்யூ போட்ட கரி அடுப்பை அறைக்குள்ளேயே வெச்சுக்கிட்டுத் தூங்கி செத்துப்போனாங்க. கட்டடத்துக்குள்ளேயே இந்தக் கதின்னா, அலமாரி சைஸ் வேனுக்குள்ள கரி அடுப்போ, கேஸ் அடுப்போ எரியவிட்டா எத்தனை நிமிஷம் தாங்கும்?

மின் ஹீட்டரும் தீர்வு இல்ல. ஆயிரம் வாட் ஹீட்டர் எட்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட், ஏசியை விட மோசம். சூடு பண்ற எதுவுமே பேட்டரிக்கு எமன். ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க வைக்க 0.1 யூனிட் போதும், டீக்கு ஓகே. நாலு பேர் குளிக்க வெந்நீர் போட்டா ரெண்டு யூனிட் கிட்ட போயிடும். குளியல் வெந்நீருக்கு வெளியில அடுப்பு மூட்டுங்க, இல்லைன்னா அருவித் தண்ணியில குளிச்சுப் பழகுங்க.

வெளிநாட்டுக் கேரவன்கள்லயும் லாரிகள்லயும் டீசல் ஹீட்டர்னு ஒண்ணு இருக்கு. எரியறதுக்கு வேண்டிய காத்தை வெளியில இருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே விடும். உள்ளே வர்றது சூடான சுத்தக் காத்து மட்டும். மணிக்கு கால் லிட்டர் டீசல்கூட ஆகாது. லடாக், ஸ்பிதி போறவங்க தாராளமா போட்டுக்கங்க. கல்வராயனுக்கு அதெல்லாம் பட்டாசுக்கு பீரங்கி. ரெண்டு கம்பளி, காலடியில வெந்நீர்ப் பை. எங்க பாட்டி டெக்னாலஜி. இன்னைக்கும் வேலை செய்யுது.

எது எப்படி இருந்தாலும் வண்டிக்குள்ள தூங்கறவங்க எல்லாரும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டுங்க. கேமரா லென்ஸுக்குக் கொடுக்கற காசைப் பார்த்தா இது பெரிய செலவே இல்ல.

ஏசி உண்மையிலேயே யாருக்கு வேணும்?

"இவன் ஏசிக்கே எதிரிப்பா"ன்னு முத்திரை குத்தறதுக்கு முன்னாடி மலையை விட்டு இறங்கி சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலைக்கு வாங்க. சின்னசேலத்துல இருந்து தியாகதுருகம் வரைக்கும் சாலையோரத்துல நிக்கற லாரிகளைப் பாருங்க. சித்திரை வெயில்ல, கொதிக்கற கேபினுக்குள்ள, கதவுக்கு வெளியே காலை நீட்டிக்கிட்டு ஒருத்தர் தூங்கிட்டு இருப்பார். ராத்திரி முழுக்க முப்பது டன்னை ஓட்டிட்டு வந்தவர். அவர் சரியா தூங்கலைன்னா அடுத்த ராத்திரி எதிர்ல வர்ற உங்க டிராவலருக்குத்தான் ஆபத்து. ஏசி வேணும்னா அவருக்குத்தான் வேணும்.

2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகற நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கு. நல்ல விஷயம், கை தட்டலாம். ஆனா அந்த ஏசி எஞ்சின் ஓடினாத்தான் ஓடும். வண்டி நின்னு டிரைவர் தூங்கற நேரத்துக்கு? டீசல் காசு கேட்டு முதலாளி முறைப்பார், டிரைவர் எஞ்சினை அணைச்சுட்டு வேர்வையில கிடப்பார். பேட்டரியில ஓடற பார்க்கிங் ஏசி, இல்லைன்னா லாரி நிறுத்தத்துல ஒரு பிளக் பாயின்ட். இதுக்குத்தான் நாம குரல் கொடுக்கணும். கலிஃபோர்னியாவுல 2008ல இருந்து படுக்கை வெச்ச லாரிகூட அஞ்சு நிமிஷத்துக்கு மேல சும்மா எஞ்சினை ஓட்டக்கூடாதுன்னு சட்டம். அந்தச் சட்டத்தாலதான் அங்க பேட்டரி ஏசியும், பிளக் வெச்ச நிறுத்தமும் வளர வழி பிறந்துச்சு. டிரைவரை வேர்க்க விடணும்னு போட்ட சட்டம் இல்ல அது.

மலையில பொழுதுபோக்க வந்தவனுக்கு ஏசி ஆடம்பரம். சமவெளியில பொழைப்புக்கு ஓட்டறவனுக்கு அது தூக்கம். ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

மலைக்காரங்க கணக்கு

கடைசியா, யாரும் பேசாத ஒரு தரப்பு. மலையாளிப் பழங்குடி மக்கள். மூணு ஜாகிர்தாரர்கள் கையில இருந்த மலை அது. 1976லதான் முழுசா அரசு கைக்கு வந்துச்சு. சாலை, ஆஸ்பத்திரி, பஸ்னு அடிப்படை வசதிக்கே இழுத்துக்கிட்டு இருந்த இடம். 2024 சாராயச் சாவுகளுக்கு அப்புறம் சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து கல்வராயன் மலை மக்களோட வாழ்நிலை பத்தி வழக்கு எடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் ரொம்பப் பேருக்கு இப்படி ஒரு மலை இருக்கறதே தெரிஞ்சுது.

இப்ப அங்க சுற்றுலா வருது. வரட்டும், நாலு பேருக்குப் பொழைப்பு கிடைக்கும். தமிழ்நாடு அரசோட 2023 சுற்றுலாக் கொள்கையிலயே கேரவன் சுற்றுலா ஒரு முன்னுரிமைப் பிரிவு. கேரளா 2021லயே தனிக் கொள்கை போட்டு, 2022ல வாகமண்ல கேரவன் பூங்காவே திறந்துடுச்சு. பூங்கான்னா என்ன? வண்டியை நிறுத்த இடம், தண்ணி, கழிவுநீர் வடிகால், முக்கியமா கரன்ட் எடுக்க பிளக். பிளக் இருந்தா ஜெனரேட்டர் எதுக்கு?

வெள்ளிமலையிலயோ கரியாலூர்லயோ ஒரு பத்து வண்டி நிறுத்தற இடம், மீட்டர் வெச்ச பிளக், ஊர் மகளிர் குழு கையில நிர்வாகம். யூனிட்டுக்கு இருபது ரூபாய் வாங்கினாக்கூட ஜெனரேட்டர்ல பாதிக்கும் கீழே. அந்தப் பணமும் மலையிலேயே தங்கும். இப்ப என்ன நடக்குது? வர்றவங்க அரிசி, பருப்பு, தண்ணி, டீசல் எல்லாத்தையும் கீழே இருந்தே கொண்டு வர்றாங்க. மலைக்கு மிஞ்சறது புகை, சத்தம், பிளாஸ்டிக் குப்பை. ராத்திரி பத்து மணிக்கு மேல குடியிருப்புப் பகுதியில 45 டெசிபல்தான் உச்சம்னு 2000லயே ஒலி மாசு விதி வந்தாச்சு. நம்ம வீட்டுத் தெருவுல ஒருத்தன் ராத்திரி பூரா ஜெனரேட்டர் ஓட்டினா போலீஸுக்கு போன் பண்ணுவோம். மலைக்கிராமத்து ஓரத்துல நாமளே ஓட்டினா அது "கேம்பிங்". நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!

சக பதிவர்களே, நான் கேக்கறது சின்ன விஷயம்தான். வேன் வாடகைக்கு எடுக்கும்போது "ஏசி இருக்கா"ன்னு கேக்கறதுக்கு பதிலா "பேட்டரி எத்தனை யூனிட், சோலார் எத்தனை வாட், கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா"ன்னு கேளுங்க. பத்து பேர் கேட்டா வேன் கட்டறவர் பதினோராவது வேன்ல மாத்துவார். பயணப் பதிவு எழுதும்போது அருவி போட்டோவோட உங்க மின்சாரக் கணக்கையும் ரெண்டு வரி போடுங்க. அடுத்தவன் அதைப் பார்த்துத்தான் கத்துக்குவான். ராத்திரி எஞ்சினை அணைச்சுட்டு ஜன்னலைத் திறந்து படுங்க. அந்த மலைக்குன்னு ஒரு சத்தம் இருக்கு, அதைக் கேக்கத்தானே அவ்வளவு தூரம் வந்தீங்க?

டிஸ்கி 1: சினிமாக்காரங்க கேரவனைப் பத்தி ஏன் எழுதலைன்னு யாரும் கேக்காதீங்க. அவங்க ஜெனரேட்டர் வண்டி தனி உலகம், அதுக்குத் தனிப் பதிவு வேணும். :-)

டிஸ்கி 2: "மூட்டுவலி பாட்டி, கைக்குழந்தையோட போறோம், ஏசி வேணும்"னு சொல்றவங்களுக்கு: மலையில வாடகைக்கு அறை கிடைக்குது. அவங்களை வேன்ல படுக்க வைக்கறதே முதல்ல தப்பு.

டிஸ்கி 3: கணக்குல பிழை இருந்தா எண்ணோட வாங்க, பேசுவோம். "உனக்கு வசதி இல்ல, அதான் பொறாமை"ன்னு வர்ற அனானி நண்பர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு.